காக்ளியாவுக்குள் போக இரண்டு வாசல்

மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர், "ஹாஸ்டல் மெஸ் கதை மட்டும் வேண்டாம்ப்பா, ஏற்கெனவே ஏழு வந்துடுச்சு" என்றார். ஆகவே காதைப் பற்றி எழுதுகிறேன். மெக்கானிக்கல் படித்தவனுக்குக் காதோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது.

1957 பிப்ரவரி 25, பாரிஸ். நோயினால் இரண்டு காதும் கேட்காமல் போன ஒருவருக்கு, ஜூர்னோ, எய்ரியேஸ் என்ற இருவர் கேள்வி நரம்பிலேயே கம்பியை வைத்து மின்சாரம் கொடுத்தார்கள். சில்வண்டு கத்துவது போல ஏதோ கேட்டது என்றார் அவர். அந்தக் கம்பி காக்ளியாவுக்குள் போகவேயில்லை.

உள்ளே போனவர் லாஸ் ஏஞ்சல்ஸ் டாக்டர் வில்லியம் ஹவுஸ். பாரிஸ் செய்தி வந்த பத்திரிகையை ஒரு நோயாளி கொண்டுவந்து காட்டப் போய், 1961ல் வட்டப் பலகணி வழியாகக் கம்பியை விட்டார். நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்று சுற்றிய காக்ளியாவுக்கு இயற்கை வைத்த சவ்வுக் கதவு அது. அதை எட்ட, காதுக்குப் பின் எலும்பைக் குடைந்து, முகத்தை அசைக்கும் நரம்புக்கும் நாக்குச் சுவை நரம்புக்கும் நடுவே சில மில்லிமீட்டர் சந்தில் நுழைய வேண்டும். கை தவறினால் வாய் கோணிப்போகும்.

அடுத்த சிக்கல் நம்ம ஆட்களுக்குரியது. வளைந்த குழாய்க்குள் கம்பியை எப்படித் தள்ளுவது? மெல்போர்ன் கிரேம் கிளார்க் 1977ல் கடற்கரையில் ஒரு சிப்பிச் சங்குக்குள் புல்லை நுழைத்துப் பார்த்தார். நுனி துவண்டும் அடி விறைப்பாகவும் இருந்த புல் சுற்றிச் சுற்றி உள்ளே போயிற்று. 1978 ஆகஸ்ட் 1ல் ராட் சாண்டர்ஸ் என்பவருக்குப் பல எலக்ட்ரோடு கருவியைப் பொருத்தினார்.

பிறகு இரண்டாவது வாசல் செல்வாக்குப் பெற்றது. பலகணிக்கு மேல் எலும்புத் தாழ்வாரம் மறைக்கிறது, நுழைந்ததும் வளைவு வேறு. அதனால் பலகணிக்குச் சற்று முன்னும் கீழுமாக எலும்பில் துளை போட்டு, நேராக விட்டார்கள். இதுதான் காக்ளியோஸ்டமி. பருமனான எலக்ட்ரோடுக்கு இது வசதி. ஆனால் துளை கொஞ்சம் மேலே ஏறிவிட்டால் எலக்ட்ரோடு தவறான அறைக்குப் போய்விடும். எலும்புத்தூள் உள்ளே விழும். டிரில் சத்தமே உள்காதில் 130 டெசிபலைத் தாண்டக்கூடும்!

முழுச் செவிடருக்கு இதெல்லாம் பெரிய விஷயமாகப் படவில்லை. ஜெர்மனியில் லேன்ஹார்ட் 1993ல் "மென்மையான அறுவை" என்று எழுதினார்: மெதுவாகக் குடை, உட்சவ்வைக் கிழிக்காதே. 1999ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஃபான் இல்பெர்க் குழு, மிச்சமிருக்கும் தாழ்ந்த சுருதிக் கேள்வியையும் மின்சாரத்தையும் சேர்த்தே பயன்படுத்தலாம் என்றதும் கணக்கே மாறிப்போச்சு. மிச்சக் கேள்வி இப்போது காப்பாற்ற வேண்டிய சொத்து. எலக்ட்ரோடும் மெலிந்தது. பழைய கதவு மறுபடி திறந்தது.

என் அக்கா மகனுக்கு ஆபரேஷன் என்றபோது அக்கா கேட்டாள், "எந்த வழிடா நல்லது, நீதானே இன்ஜினீயர்?" அதற்காகத்தான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். மிச்சக் கேள்வியைக் காப்பதில் எது மேல் என்று ஒப்பிட்ட ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சரியான அறைக்குள் போவதற்குப் பலகணி நம்பகமானது. இருந்தாலும் சிலருக்கு அந்தச் சந்து வழியாகப் பலகணி கண்ணுக்கே தெரியாது; அங்கே பலகணி விளிம்பைச் சற்றுச் செதுக்கும் நடுவழியோ, துளையோதான். என் கட்சி பலகணி. ஆனால் வழியைவிட, எலக்ட்ரோடின் விறைப்பும் அதைத் தள்ளும் வேகமும்தான் அதிகம் தீர்மானிக்கின்றன என்று எனக்குப் படுகிறது.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் குழு, ரோபோவை வைத்துச் சந்தின் ஊடே நேர்த்துளை போட்டதை 2017ல் வெளியிட்டது. எலக்ட்ரோடை உள்ளே நகர்த்தியது மட்டும் டாக்டரின் கை. அந்தத் தள்ளு விசையை அளக்க, பிளாஸ்டிக் காக்ளியா மாதிரி ஒன்றும் சின்ன லோட் செல்லும் போதும். நம் லேபிலேயே செய்யலாம். பிராஜெக்ட் தேடும் தம்பி தங்கைகள் சங்க அலுவலகத்தில் என் விலாசம் வாங்கிக்கொள்ளுங்கள்.