குடலுக்குள் ஒரு கதவு

1971-ஆம் வருடம். கிழக்கு பாகிஸ்தானில் யுத்தம். உயிர் பிழைத்தால் போதும் என்று எல்லை தாண்டி ஓடிவந்த லட்சக்கணக்கான அகதிகளில் பெருங்கூட்டம் ஒன்று, மேற்கு வங்கத்தின் பன்காவ் என்கிற சின்ன ஊரில் வந்து சேர்ந்தது. கூடவே காலராவும் வந்தது!

படுக்கை போதாமல் தரையெங்கும் நோயாளிகள். நரம்பில் ஏற்றவேண்டிய சலைன் பாட்டில்களோ தீர்ந்துகொண்டே வந்தன. அங்கே பொறுப்பில் இருந்த டாக்டர் திலீப் மஹலநாபிஸ் ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுகோஸ், கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சோடா உப்பு. கரைத்து டிரம்களில் நிரப்பி, ‘மொண்டு மொண்டு கொடுங்கள்’ என்று நோயாளிகளின் சொந்தக்காரர்களிடமே சொல்லிவிட்டார். விளைவு? நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு நாலுக்கும் கீழே இறங்கியது!

அதெல்லாம் சரி, உப்புத் தண்ணீர் போதாதா, சர்க்கரை எதற்கு என்று கேட்பீர்கள். காலரா நோயாளிக்கு வெறும் உப்புத் தண்ணீரைக் கொடுத்தால், குடித்தது அப்படியே வெளியே போய்விடும். சர்க்கரையின் ரகசியம் அதற்குப் பதினோரு வருடம் முன்பே, 1960 ஆகஸ்ட்டில், ப்ராக் நகரில் நடந்த விஞ்ஞானிகள் கூட்டத்தில் வெளிப்பட்டுவிட்டது. அமெரிக்கரான ராபர்ட் கிரேன் அங்கே சொன்ன விஷயம் இதுதான்: சிறுகுடல் சுவரில் குளுகோஸுக்கென்று ஒரு கதவு இருக்கிறது. ஆனால் குளுகோஸ் தனியாக வந்தால் திறக்காது. உப்பிலிருக்கும் சோடியத்தோடு ஜோடியாக வந்தால்தான் அனுமதி! இந்த ஜோடி உள்ளே போனால், பின்னாலேயே தண்ணீரும் போகும். காலராக் கிருமியால் இந்தக் கதவை மட்டும் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

இந்தக் கதவு ஒரு புரதம். அதைச் செய்வதற்கான ஜீனை 1987-ல் எர்னஸ்ட் ரைட் குழுவினர் முயலின் குடலிலிருந்து பிரித்தெடுத்தார்கள். நாலு வருடம் கழித்து இரண்டு சகோதரிகளின் ஜீனைப் பரிசோதித்தபோது ஓர் அதிர்ச்சி. அந்த இருவருக்கும் பிறந்ததிலிருந்தே தாய்ப்பால்கூட ஒத்துக்கொள்ளாது. குடித்தால் பயங்கர வயிற்றுப்போக்கு. காரணம், அந்த ஜீனில் ஒரே ஒரு எழுத்துப் பிழை! கதவு திறக்கவே இல்லை. பழத்தில் இருக்கும் ஃப்ரக்டோஸுக்கு வேறு கதவு என்பதால், அந்தச் சர்க்கரை சேர்த்த உணவு கொடுத்து இப்படிப்பட்ட குழந்தைகளைப் பிழைக்கவைக்க முடிகிறது.

இனி நம்ம கதைக்கு வருவோம். சோறோ, சப்பாத்தியோ, மாவுச்சத்து எதுவானாலும் கடைசியில் குளுகோஸாக உடைந்து இந்தக் கதவில்தான் வந்து நிற்கிறது. இது எல்லோருக்கும் ஒரே அகலத்தில் திறக்கிறதா? இல்லை! அமெரிக்காவில் ஐயாயிரத்துச் சொச்சம் பேரைக் கால் நூற்றாண்டு பின்தொடர்ந்த விவரங்களை அலசி, 2018-ல் ஓர் ஆய்வு வெளியானது. சிலருக்கு அதே ஜீனில் சின்னச் சின்ன மாறுதல்கள். கதவு பழுதில்லை, கொஞ்சம் ‘டைட்’, அவ்வளவுதான். குளுகோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், அவர்கள் ரத்தத்தில் சர்க்கரை மற்றவர்களைவிடக் குறைவு. பருமன், நீரிழிவு, இதயம் செயலிழப்பது போன்ற ஆபத்துகளும் குறைவு என்றது ஆய்வின் கணக்கு.

ஆக, ஒரே பந்தியில் ஒரே சாப்பாடு சாப்பிட்ட இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் சர்க்கரை எகிறினால், ‘வாயைக் கட்டத் தெரியாதவர்’ என்று உடனே தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள்! அது அவர் பிறக்கும்போதே பொருத்தப்பட்ட கதவாகவும் இருக்கலாம்.

அதற்காக ‘எல்லாம் ஜீன் செய்த வேலை’ என்று இன்னொரு ஜாங்கிரியை எடுக்கவும் வேண்டாம். இன்சுலின், கல்லீரல், உடல் உழைப்பு என்று ரத்தச் சர்க்கரையை முடிவு செய்ய இன்னும் பல பேர் இருக்கிறார்கள். கதவின் அகலம் நம் கையில் இல்லைதான். வாசலில் எவ்வளவு கூட்டத்தைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்பது நம் கையில்தானே இருக்கிறது?