இரண்டு மரங்கள் வந்த வழி



நம் பள்ளியின் நான்காம் ஆண்டு வகுப்பில் ஒருநாள் மகரந்தச் சேர்க்கையைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். காற்று, தேனீ, வண்ணத்துப்பூச்சி, வௌவால் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, "வேறு யார் இந்த வேலையைச் செய்வார்கள்?" என்று கேட்டோம். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "எங்க பாட்டி செஞ்சாங்க சார்" என்றான். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. உண்மையைச் சொன்னால் நமக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பையன் முகம் வாடிப்போயிற்று. "பாட்டி பொய் சொல்ல மாட்டாங்க சார். செம்பனைப் பூவுக்கு மாவு ஊதுனாங்களாம்" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டான்.

அன்று மாலை வீட்டில் கணினியைத் திறந்து, இணையக் கலைக்களஞ்சியத்தில் செம்பனை என்று தேடினோம். கலைக்களஞ்சியம் ஒரு பெரிய சந்தையைப் போன்றது. உப்பு வாங்கப் போனவன் சீப்பும் சட்டியும் வாங்கிக்கொண்டு வருவதுபோல, ஒரு செய்திக்காக உள்ளே போனால் ஒன்று மற்றொன்றிடம் இழுத்துக்கொண்டு போகும். செம்பனையின் பிறந்தகம் மேற்கு ஆப்பிரிக்கா என்று கண்டோம். அப்படியானால் நம் பால்மரம் எந்த ஊர்? அதையும் பார்த்துவிடுவோம் என்று தொடங்கி, மேசைமேல் வைத்த தேநீர் ஆறிப்போனதும் தெரியாமல் நள்ளிரவு வரை படித்துக்கொண்டிருந்தோம். படித்தவற்றுள் சிலவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கின்றோம். பாட்டியின் வேலை என்ன ஆயிற்று என்பது கடைசியில்தான் விளங்கும். எனவே பால்மரத்திலிருந்தே தொடங்குவோம்.

மூன்று தலைமுறையாக நம் மக்கள் இருட்டோடு எழுந்து வெட்டிய பால்மரம், தென் அமெரிக்காவின் அமேசான் காட்டு மரம். அங்கே அது தோப்பாக வளர்வதில்லை. ஆங்காங்கே சிதறி நிற்கும். இந்தச் சிதறலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும். ஐரோப்பியர்களுக்கு முதலில் இந்தப் பாலால் என்ன பயன் என்பதே தெரியவில்லை. பென்சில் எழுத்தை அழிக்க உதவுகிறது என்று 1770இல் சோசப்பு பிரீசுட்லி என்னும் ஆங்கில அறிஞர் எழுதினார். தேய்த்து அழிக்கும் பொருள் என்பதால்தான் ஆங்கிலத்தில் ரப்பர் என்ற பெயரே உண்டாயிற்று. ஆக, நம் பிள்ளைகளின் பென்சில் பெட்டியில் கிடக்கும் அழிப்பான்தான் தோட்டங்களுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறது.

1839இல் அமெரிக்கரான சார்லசு குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் வழியைக் கண்டார். அதன்பின் வெயிலில் உருகாமலும் குளிரில் விறைத்துப்போகாமலும் இருக்கும் ரப்பர் கிடைத்தது, தேவையும் பெருகியது. அந்த மனிதரோ 1860இல் பெருங்கடனோடு இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய டயர் நிறுவனம் 1898இல்தான் தொடங்கப்பட்டது. அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ அதில் பங்கு ஒன்றும் இல்லை!

இனி, விதை வந்த கதைக்கு வருவோம். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டின் தபசோசு ஆற்றங்கரையில் ஏறத்தாழ 70,000 பால்மர விதைகளைச் சேகரித்தார். ரப்பர் விதையில் எண்ணெய் மிகுதி, விரைவில் கெட்டுவிடும். ஆகவே காய்ந்த காட்டு வாழையிலைகளைப் பரப்பிக் கூடைகளில் அடுக்கி, கப்பலேற்றி இலண்டனுக்கு விரைந்தார். ஜூன் மாதம் கியூ தாவரவியல் தோட்டத்தில் அவற்றை விதைத்தார்கள். முளைத்தவை ஏறத்தாழ 2,700. நூற்றுக்கு நான்குகூடத் தேறவில்லை.

விக்காம் விதைகளைத் திருடிக்கொண்டு வந்தார் என்று நாம் சிறுவயதில் கேட்டதுண்டு. ஆனால் அந்நாளில் விதையை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று பிரேசிலில் சட்டம் இல்லை. இராணியாரின் தோட்டத்துக்குக் கொண்டுபோகும் மென்மையான செடிவகைகள் என்று அவர் துறைமுக அதிகாரிகளிடம் சொல்லிக்கொண்டு போனாராம். சட்டப்படி திருட்டல்ல; அதற்காக அதை நேர்மை என்று பாராட்டவும் நமக்கு மனம் வரவில்லை. ஆயிரம் விதைக்கு 10 பவுன் கணக்கில் அவருக்குக் கூலி கிடைத்தது. 1920இல் 'சர்' பட்டமும் கிடைத்தது.

கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. சிங்கப்பூருக்கு முதலில் அனுப்பப்பட்டவை வழியிலேயே பட்டுப்போயின. மறு ஆண்டு, 1877இல், 22 கன்றுகள் உயிரோடு வந்து சேர்ந்தன. அவற்றுள் 9 கன்றுகள் பேராக் மாநிலத்துக் கோலாகங்சாரில் நடப்பட்டன. அந்த ஒன்பதில் ஒரு மரம் அவ்வூரில் வேலி கட்டிப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. பள்ளி விடுமுறையில் அந்தப் பக்கம் போகின்றவர்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

கன்று வளர்ந்து மரமாயிற்று, நடுவதற்குத்தான் ஆளில்லை. துரைமார்கள் அப்போது காப்பிப் பைத்தியம் பிடித்திருந்தார்கள். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு 1888இல் தலைவராக வந்த ஹென்றி ரிட்லி, சட்டைப் பைகள் நிறைய ரப்பர் விதைகளோடு திரிந்து, கண்ட துரைகளிடமெல்லாம் "நட்டுப் பாருங்கள்" என்று கெஞ்சினார். அவருக்குக் 'கிறுக்கு ரிட்லி' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். அவர் கேட்டதைக் கேட்டு 1896இல் மலாக்காவில் முதன்முதலாக வணிகத்துக்கென்று 40 ஏக்கரில் நட்டவர் துரையல்லர். டான் சாய் யான் என்ற சீனர். பிறகு பிரேசிலில் காப்பி அளவுக்குமேல் விளைந்து உலகச் சந்தையில் விலை விழுந்தது. காப்பித் துரைகளும் ரப்பருக்கு ஓடிவந்தார்கள். பிரேசிலின் காப்பி அடித்துவிரட்ட, பிரேசிலின் மரத்தடியிலேயே வந்து ஒதுங்கினார்கள் என்று சொல்லலாம்.

ரிட்லி செய்த இன்னொரு காரியம் நம் வெட்டுக்காரர்கள் கையோடு சேர்ந்தது. அமேசான் காட்டில் கோடாரியால் கொத்திப் பால் எடுப்பார்கள், மரம் புண்ணாகும். மெல்லிய பட்டையை மட்டும் சீவி, அதே வெட்டை மறுமுறையும் சிறிது சீவித் திறந்தால் பால் வரும், பட்டையும் மீண்டும் வளரும் என்று 1890களில் ரிட்லி செய்துகாட்டினார். வெட்டு ஏன் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சரிகிறது என்று எத்தனையோ பேர் நம்மைக் கேட்டதுண்டு. பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக நிற்பதில்லை. கொடி சுற்றுவதுபோல் சாய்ந்து ஏறுகின்றன. அந்தச் சாய்வுக்குக் குறுக்கே வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். இருட்டோடு ஏன் மலைக்குப் போகவேண்டும்? வெயில் ஏறினால் இலைகள் நீரை வெளியே விட்டுவிடும். குழாய்க்குள் அழுத்தம் குறைந்து பால் தளர்ந்துவிடும். துரையின் பிடிவாதம் மட்டுமல்ல, மரத்தின் இயல்பும் சேர்ந்துதான் நம் பாட்டன்மாரை விடியுமுன் எழுப்பியிருக்கிறது. சிரித்தவர்களை எல்லாம் கடந்து ரிட்லி நூறு வயது வாழ்ந்து 1956இல் மறைந்தார். எண்பது வயதுக்கு மேல் மாப்பிள்ளைக் கோலமும் பூண்டார் என்று அறிந்தபோது நம் வீட்டில் ஒரே சிரிப்பு.

பிறகு நடந்தது உங்கள் குடும்பக் கதை. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, கங்காணியின் பின்னால் பினாங்கில் இறங்கிய கதை. அதை நம்மைவிட உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

நமக்கு ஒரு கேள்வி எழுந்தது. மரம் பிரேசிலுடையது, மண்ணும் மழையும் அங்கேயே உண்டு. பின் ஏன் பிரேசிலில் பெருந்தோட்டம் போட்டு நம்மை மிஞ்சவில்லை? கலைக்களஞ்சியத்தில் அதற்கும் ஒரு பக்கம் இருந்தது. கார் செய்த ஹென்றி ஃபோர்டு அதைத்தான் செய்ய முயன்றார். 1927இல் அதே தபசோசு ஆற்றங்கரையில் ஏறத்தாழ 10 இலட்சம் ஹெக்டர் காட்டைப் பெற்றார். ஃபோர்டுலாந்தியா என்று பெயர் சூட்டி, நடுக்காட்டில் அமெரிக்க வீடுகளும் மருத்துவமனையும் மரவாடியும் கட்டினார். தொழிலாளர்கள் மது அருந்தக் கூடாது, அமெரிக்கச் சாப்பாடே சாப்பிட வேண்டும் என்றெல்லாம் விதிகள். 1930 டிசம்பரில் உணவுக்கூடத்தில் கலகமே மூண்டது. ஆனால் தோட்டத்தைக் கவிழ்த்தது கலகமல்ல. நெருக்கி நெருக்கி நட்ட மரங்களில் இலைக்கருகல் என்னும் பூசண நோய் புகுந்தது. காட்டில் மரங்கள் சிதறி நின்றதால் நோயால் எளிதில் தாவ முடியவில்லை. வரிசையாய் நட்டதும் இலைக்கு இலை ஓடிற்று. கிழக்கு நாடுகளிலிருந்து நல்ல ஒட்டுக்கன்றுகளை வரவழைத்தும் நட்டுப் பார்த்தார்கள். அந்நிய மண்ணில் செழித்த பேரப்பிள்ளைகள் பாட்டன் ஊருக்குத் திரும்பி நோயில் விழுந்தன. 1945இல் ஏறத்தாழ இரண்டு கோடி டாலர் இழப்போடு ஃபோர்டு நிறுவனம் எல்லாவற்றையும் பிரேசில் அரசிடம் ஒப்படைத்தது. ஃபோர்டு அந்தத் தோட்டத்தில் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

விதையாக மட்டும் வந்ததால், நம் பால்மரம் அந்த நோயை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தது. மலாயா ரப்பர் செழித்ததற்கு உழைப்பு ஒரு காரணம் என்றால், விட்டுவிட்டு வந்த இந்த நோயும் ஒரு காரணம்.

ஆனால், ஊரில் விட்டுவிட்டு வருவதெல்லாம் நன்மையாகிவிடுமா? இங்கேதான் செம்பனை வருகிறது.

செம்பனை 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்துக்கு நான்கே கன்றுகளாக வந்தது. அழகுக்கு நட்டார்கள். அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்திராவில் சாலையோரம் நின்றன. மலாயாவில் வணிகத்துக்காக முதலில் நட்ட தோட்டம் சிலாங்கூரில், 1917இல். அதன் பெயர் தென்னமரம் தோட்டம். காதில் விழும்போதே தமிழாக ஒலிக்கிறது, அல்லவா? நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிற்காலத்தில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசையும் பெற்றவர்.

செம்பனையில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில்தான் வரும். ஆனால் வேறு வேறு காலத்தில் வரும். எனவே ஒரு மரத்துத் தூள் இன்னொரு மரத்துக்குப் போயாக வேண்டும். காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும் என்றே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். நம் நாட்டில் காற்று போதவில்லை; சபாவில் இன்னும் மோசம். குலையில் பாதிப் பழம் பிடிக்காமல் போயிற்று. ஆகவே ஆட்களை வைத்தார்கள். ஆண் பூவின் தூளைச் சேர்த்து, முகப்பவுடர் போன்ற வெண்தூளோடு கலந்து, ஊதுகருவியால் பெண் பூவின்மேல் ஊதவேண்டும். பெண் பூ விரிந்திருப்பது இரண்டு மூன்று நாள்தான். அதனால் ஒரே நிரைக்கு மீண்டும் மீண்டும் போகவேண்டும், முள்மட்டையை விலக்கி விலக்கி. ஆம், நேயர்களே, பையனின் பாட்டி சொன்னது முற்றிலும் உண்மை.

ஆப்பிரிக்காவில் இந்த வேலைக்கு ஆள் வைப்பதில்லை. கமரூனிலும் சபாவிலும் பணியாற்றிய லெசுலி டேவிட்சன் என்ற தோட்ட அதிகாரி அதைக் கவனித்தார். அங்கே பூக்களில் பூச்சிகள் மொய்த்ததும் அவர் நினைவில் இருந்தது. ஆராயும்படி பூச்சியியல் அறிஞர் சையது என்பவர் கமரூனுக்கு அனுப்பப்பட்டார். அரிசியில் வரும் வண்டைப் போன்ற சின்னஞ்சிறு கூன்வண்டு ஒன்றுதான் அங்கே உண்மையான வேலைக்காரன் என்று அவர் நிறுவினார். ஆண் பூங்கொத்து விரியும்போது சோம்பு வாசனை வீசும். அந்த வாசனைக்கு வண்டு வரும், பூவைத் தின்னும், அதிலேயே முட்டையிடும். பெண் பூவும் இடையிடையே அதே வாசனையைச் சிறிதளவு வீசி வண்டை ஏமாற்றி அழைக்கும். ஏமாந்து வரும் வண்டின் உடம்பில் ஒட்டிய தூள் அங்கே உதிரும். வந்ததற்கு அதற்கு ஒரு வாய் உணவுகூடக் கிடைக்காது.

செம்பனை ஆப்பிரிக்காவில் விட்டுவிட்டு வந்தது இந்த வண்டைத்தான். அது செய்திருக்கவேண்டிய வேலையைத்தான் நம் பெண்கள் செய்துவந்தார்கள். வேறு பயிர்களைத் தின்னுமா என்று சோதித்துப் பார்த்தபின், 1981இல் ஜொகூரிலும் சபாவிலும் வண்டைத் தோட்டங்களில் விட்டார்கள். அது பெருகிப் பரவிய வேகம் அறிஞர்களே எதிர்பாராதது. குலைகள் கனத்தன, ஊதுகருவிகள் ஸ்டோருக்குள் போயின. 1960இல் நாட்டில் 54,000 ஹெக்டர் அளவில் இருந்த செம்பனை பின்னாளில் 50 இலட்சம் ஹெக்டரையும் தாண்டியதற்கு இந்த வண்டும் ஒரு துணை.

மறுநாள் வகுப்பில் முதல் வேலையாகப் பையனிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டோம். மாலையில் அவன் வீட்டுக்கே போய்ப் பாட்டியிடம் வண்டின் கதையைச் சொன்னோம். பாட்டி வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். வெகுநேரம் பேசவில்லை.

"அப்படியா வாத்தியாரே? ஒருநாள் காலையில பெரட்டுல நிக்கிறப்ப, நாளையிலேருந்து ஊத வேணாம், புல்லு வேலைக்குப் போங்கன்னு சொன்னாங்க. ஏன்னு ஒருத்தரும் சொல்லல. நாங்க சரியா ஊதலைபோல, அதான் நிறுத்திட்டாங்கன்னு இத்தன வருசமா நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்படி நினைத்திருக்கிறார்.

அந்த வாரக் கடைசியில் பாட்டியையும் பேரனையும் அழைத்துக்கொண்டு சாலையோரச் செம்பனை ஒன்றின் அருகே போனோம். விரிந்த ஆண் பூங்கொத்தில் ஒரு காம்பை ஒடித்து வெள்ளைத் தாள்மேல் தட்டினோம். பழுப்பு நிறத்தில் குட்டி வண்டுகள் உதிர்ந்து நாலாபுறமும் ஓடின. பையன் எண்ணத் தொடங்கி, முப்பதுக்கு மேல் தவறவிட்டான். பாட்டி காம்பை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"சோம்பு வாசந்தான்" என்றார். "எங்க துணியெல்லாம் இதே வாசம் வீசும்."