முள்ளிவாய்க்கால் கஞ்சி: அரிசி, தண்ணீர், உப்பு

எங்கள் சமையலில் கஞ்சி பலவகை. குத்தரிசியோடு பயறு அவித்துத் தேங்காய்ப்பால் விட்டால் பாற்கஞ்சி. இலைச்சாறு விட்டால் இலைக்கஞ்சி. உள்ளி, சீரகம், தேசிக்காய்ப்புளி சுவை கூட்டும்.

முள்ளிவாய்க்கால் கஞ்சியில் இவை இல்லை. 2009 இல் முல்லைத்தீவுக் கரையோரத்தில் முற்றுகைக்குள் அகப்பட்ட மக்களின் உயிர்காத்தது அரிசியும் தண்ணீரும், கிடைத்தால் உப்பும்தான். கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களும் எறிகணைகளுக்குப் பலியானார்கள்.

ஆண்டுதோறும் மே 12 முதல் 18 வரையான நினைவேந்தல் வாரத்தில் வடக்கு கிழக்கெங்கும் இக்கஞ்சி வழங்கப்படுகிறது. 2024 மே மாதம் திருகோணமலை சம்பூரில் கஞ்சி வழங்கிய பெண்கள் கைதுசெய்யப்பட்டனர்.

வீட்டில் காய்ச்சுவோர் ஒரு பங்கு அரிசிக்கு எட்டுப் பங்கு தண்ணீர் விட்டு, குழைய அவித்து, உப்பிடுங்கள். சிரட்டையில் வார்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். சுவைக்கென எதையும் சேர்க்க வேண்டாம். ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டால், நடந்ததைச் சொல்லுங்கள்.