தோட்டத் துண்டாடலும் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கமும்

1957ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றது. பட்டணங்களில் கொடியேற்றமும் கொண்டாட்டமும் நிகழ்ந்த அதே காலத்தில், பால்மரத் தோட்டங்களின் லயங்களில் மற்றொரு பேச்சும் அடிபட்டது. துரை தோட்டத்தை விற்கப் போகிறாராம் என்பதே அப்பேச்சு. விடுதலையின் மகிழ்ச்சியோடு வேலை போய்விடுமோ என்ற அச்சத்தையும் ஒருங்கே சுமந்தவர் தோட்டப் பாட்டாளிகள்.

அந்த அச்சம் வீணானதன்று. 1948இல் தொடங்கிய அவசரகாலத்தின் நெருக்கடியாலும், புதிய ஆட்சியில் தங்கள் முதலீடு என்னவாகுமோ என்ற ஐயத்தாலும், ஐரோப்பியக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தலைப்பட்டன. வாங்கியவர்களோ பெரும்பாலும் தோட்டம் நடத்த வந்தவரல்லர். ஆயிரம் ஏக்கர் தோட்டத்தை மொத்தமாக வாங்கி, சிறு சிறு நிலங்களாகக் கூறுபோட்டு, ஆதாயத்திற்கு விற்பதே அவர்தம் தொழில். இதனையே மக்கள் ‘துண்டாடல்’ என்றனர். மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் உங்கு அஜிஸ், 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலை ஆராய்ந்து தனி நூலே எழுதினார் என்றால், அது எத்துணைப் பெரிய சிக்கலாக வளர்ந்திருந்தது என்பதை உணரலாம்.

பத்து ஏக்கர் வாங்கிய சிறு உடைமையாளர் தம் குடும்பத்தைக் கொண்டே பால் வெட்டிக்கொள்வார். அல்லது குத்தகைக்காரரிடம் விட்டுவிடுவார். தலைமுறையாக அங்கே வெட்டியவர்க்கு அவரிடம் வேலை இல்லை. வேலை மட்டுமா போயிற்று? குடியிருந்த லயம் தோட்டத்திற்குச் சொந்தம். மருந்தகமும் ஆயாக் கொட்டகையும் தோட்டத்திற்குச் சொந்தம். மாரியம்மன் கோயில் நிற்கும் மண்ணும் அவ்வாறே. பால்வாளியைக் கீழே வைத்த அன்றே அவன் வீடற்றவனும் ஆனான்.

பள்ளிக்கூடத்தின் நிலையும் இதுவே. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என விதித்தது. அவ்வாறு எழுந்தவற்றுள் பல, பெயருக்குத்தான் பள்ளிகள். ஒற்றை அறை, ஒரே ஆசிரியர், சில இடங்களில் கிராணியோ கங்காணியோதான் அந்த ஆசிரியர். எனினும் தமிழ்ப் பிள்ளைகள் எழுத்தறிந்தது அந்த ஒற்றை அறையில்தான். தோட்டம் நூறு துண்டுகளானால், எந்த உடைமையாளர் பள்ளி நடத்துவார்? பிள்ளைகள் எங்கிருந்து வருவர்? 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 530க்கும் குறைவு. இக்குறைவு முழுவதையும் துண்டாடலின் கணக்கில் எழுதுதல் நேர்மையாகாது. பள்ளிகள் சில இணைக்கப்பட்டன. மக்கள் நகர் நோக்கிப் பெயர்ந்ததும் உண்டு. ஆயினும் பள்ளியின் உயிர் நிலத்தில் இருந்தது என்பது அந்நாளில் தெளிவாகப் புலப்பட்டது.

சமுதாயத் தொண்டு அதற்கு முன்னரும் இல்லாமலில்லை. 1932இல் சிங்கப்பூரில் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கம் போன்ற அமைப்புகள் சாதியொழிப்பு, கல்வி முதலியவற்றிற்குப் பாடுபட்டன. தோட்டங்களில் சிக்கன நாணயச் சங்கங்களும் இயங்கின. செல்வர் சிலர் கோயிலுக்கும் பள்ளிக்கும் கொடை வழங்கினர். ஆனால் பாட்டாளியின் காலடியில் இருந்த மண் யாருடையது என்ற வினாவை எவரும் தொடவில்லை. அதனைத் தொட்டவர் வீ. தி. சம்பந்தன்.

1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் அவர். தந்தையார் வீராசாமி 1896இல் தமிழகத்திலிருந்து வந்து, உழைப்பால் தோட்ட உடைமையாளராக உயர்ந்தவர். மகன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1954இல் சுங்கை சிப்புட்டில் அவர் முயற்சியால் உருவான மகாத்மா காந்தி கலாசாலையை விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்தார். 1955இல் ம.இ.கா.வின் தலைமைப் பொறுப்பு சம்பந்தனைத் தேடி வந்தது, அவ்வாண்டே அமைச்சருமானார். பள்ளி கட்டியவருக்கு, பள்ளியைத் தாங்கும் தோட்டம் கைமாறுவதன் பொருள் விளங்காமற் போகுமா?

அவர் கண்ட வழி எளியது. விற்கப்படும் தோட்டத்தைத் தொழிலாளரே வாங்கட்டும். தனித்தனியே வாங்க இயலாது, கூடி வாங்கட்டும் என்பதே அது. 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பதிவு பெற்றது. பங்கு ஒன்றின் விலை நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகத் தவணையில் கட்டலாம். இன்று கேட்பவர்க்குச் சிறு தொகையாகத் தோன்றும். அன்றைய பால்வெட்டுத் தொழிலாளிக்கோ அது சில நாள் கூலி. கடைக் கடனுக்கும் பிள்ளைகளின் துணிமணிக்கும் இடையே பிதுக்கி எடுக்க வேண்டிய பணம். சீட்டுக் கட்டி ஏமாந்த நினைவுள்ளவர், “பத்து வெள்ளியைக் கொண்டு தோட்டம் வாங்குவதாவது!” என்று ஐயுற்றதில் வியப்பில்லை. அமைச்சராயிருந்த சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று அவர்களிடம் பேசினார். வீட்டுச் செலவைக் கையாண்ட பெண்கள் இசையாவிடில் அந்தப் பத்து வெள்ளி வெளியே வந்திராது என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும். வரலாறுகள் அவர்களை எளிதில் மறந்துவிடுகின்றன.

21,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் உறுப்பினராயினர். 1961இல் கெடா மாநிலத்தில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் பரப்புடைய புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. கூறுபடாமல் தோட்டம் ஒரே தோட்டமாக நின்றது. அடுத்து வந்த ஆண்டுகளில் பிற தோட்டங்களும் சங்கத்தின் கைக்கு வந்தன.

இம்முறையின் சிறப்பு, அது பிச்சையாக அமையாமையே. கொடையாளர் ஒருவர் கொடுக்க, ஏழை கைகூப்பிப் பெறும் அறம் ஒருவகை. உரிமையாளனாகி ஆண்டுதோறும் இலாப ஈவு பெறுவது மற்றொரு வகை. எத்தனை பங்கு வைத்திருப்பினும் உறுப்பினர் ஒருவர்க்கு ஒரே வாக்கு என்ற கூட்டுறவு நெறியும், கங்காணி அதட்டலில் வளர்ந்த சமுதாயத்திற்குப் புதிய பாடமாயிற்று.

குறைகளை மறைத்தலும் வரலாற்றுக்கு அழகன்று. சங்கத் தோட்டத்திலும் விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்தாக வேண்டும், மண்டோரும் உண்டு, கூலியும் கூலிதான். 1956இல் தோன்றிய பெல்டா திட்டம் குடியேற்றக்காரர்க்கு நிலம் தந்தது. ஆனால் அதில் இடம்பெற்ற இந்தியர் மிகச் சிலரே. கூட்டுறவுத் தொழிலாளிக்கோ கிடைத்தது பங்குச் சீட்டு. தன் பெயரில் ஒரு காணி நிலமன்று. ஜோகூரில் பால் வெட்டிய ஒருவர் புக்கிட் சீடிமுக்குப் பங்குதாரராகலாம்; அவர் குடியிருந்த தோட்டமே விலை போனால் சங்கம் என் செய்யும்? எல்லாத் தோட்டங்களையும் வாங்கப் பத்து வெள்ளிகள் போதா. தனி நிலமாகப் பிரித்துத் தந்திருக்கலாமே என்பாரும் உளர். தந்திருந்தால் அதுவும் ஒரு துண்டாடலாகி, முதல் நெருக்கடியிலேயே பல காணிகள் கடன்காரர் கைக்குப் போயிருக்கும் என்பதே பொருத்தமான மறுமொழி.

1969இல் வேறொரு இடி விழுந்தது. குடியுரிமை பெறாதவர் வேலை உரிமம் பெற்றாக வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்ததும், பல்லாயிரம் இந்தியத் தொழிலாளர் பிறந்த நாட்டுக்குக் கப்பலேறினர். துண்டாடலுக்குச் சட்டத் தடை பின்னரே வந்தது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை வாரியத்தின் இசைவின்றிக் கைமாற்றவோ கூறுபோடவோ இயலாதவாறு தேசிய நிலச் சட்டத்தில் விதி சேர்ந்தது. அதற்குள் போனவை போயின.

1973இல் கட்சித் தலைமையிலிருந்து விலகிய சம்பந்தன், கூட்டுறவுப் பணியைக் கைவிடவில்லை. 1979 மே 18ஆம் நாள் மறைந்தார். பால்மரம் நின்ற இடங்களில் பின்னர்ச் செம்பனை வந்தது. நகருக்கு அருகிலிருந்த தோட்டங்கள் பலவற்றில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. சங்கம் உறுப்பினர் பிள்ளைகளின் உயர்கல்விக்கு உதவியது. கோலாலம்பூரில் அதன் கட்டடம் துன் சம்பந்தனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழ் எழுத்தாளர்கள் நூல் வெளியிடவும் விழா எடுக்கவும் கூடும் மண்டபம் அக்கட்டடத்தில்தான் உள்ளது.