ஊதினால் ஒலிக்கும் மண்பொம்மைகள்

மெக்சிகோ நாட்டின் கம்பெச்சே கடலோரத்தில் ஹைனா என்றொரு சிறு தீவு உள்ளது. கி.பி. 600 முதல் 900 வரை மாயா இன மக்கள் தங்கள் இறந்தவர்களை அங்கு அடக்கம் செய்து வந்தனர். அந்தக் கல்லறைகளில் சடலங்களோடு சுடுமண் பொம்மைகளும் கிடைத்துள்ளன. தறியில் நெசவு செய்யும் பெண், பந்தாட்ட வீரன், அலங்காரத் தலைப்பாகை அணிந்த பிரபு எனப் பல உருவங்கள். பெரும்பாலானவை ஒரு சாண் அளவே இருக்கும்.

இவற்றில் பல வெறும் பொம்மைகள் அல்ல. உட்பகுதி கூடாக இருக்கும். முதுகுப் பக்கத் துளையில் வாயை வைத்து ஊதினால் சீழ்க்கை ஒலி எழும். வேறு சிலவற்றின் உள்ளே சிறு மண் உருண்டைகள் இருக்கும். குலுக்கினால் கிலுகிலுவென ஒலிக்கும்.

இத்தனையும் குயவர் சக்கரம் இல்லாமல் செய்யப்பட்டவை என்பதே வியப்பு. ஸ்பானியர்கள் வரும்வரை அங்கு குயவர் சக்கரம் கிடையாது. கையாலும் அச்சாலுமே மண்ணுக்கு உருவம் கொடுத்தனர். அப்படியானால் சக்கரம் என்பதே அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். வெராக்ரூஸ் பகுதியில், கால்களில் சக்கரம் பூட்டிய மண் விலங்குகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் வண்டி இழுக்க மாடோ குதிரையோ அன்று அம்மண்ணில் இல்லை.

மாயா மக்களின் கிண்ணங்களும் குவளைகளும் இன்னும் ஒருபடி மேலே போய்ப் பேசவே செய்கின்றன. விளிம்பைச் சுற்றி எழுத்துகள். இது யாருடைய பாத்திரம், இதில் என்ன பருகுவார்கள் என்பதை அவை சொல்கின்றன. 1984-ஆம் ஆண்டு குவாதமாலாவின் ரியோ அசுல் கல்லறையில் மூடியுடன் கூடிய குவளை ஒன்று கிடைத்தது. அதன் மேல் 'ககாவ்', அதாவது கொக்கோ என்று எழுதியிருந்தது. உள்ளே ஒட்டியிருந்த படிவைச் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்தபோது, கொக்கோவில் உள்ள தியோபுரோமின் என்ற பொருள் இருப்பது உறுதியானது. எழுத்தும் அறிவியலும் ஒன்றையே சொல்லின.

அந்தக் குவளை கல்லறையிலேயே கண்டெடுக்கப்பட்டதால்தான் இந்த உண்மை முழுமையாகத் தெரிந்தது. திருடர்கள் முந்திக்கொண்டிருந்தால்? பொருள் மட்டும் விலைபோகும். அது யாருடைய கல்லறை, அருகில் என்ன இருந்தது என்ற வரலாறு அழிந்துவிடும். பல நாட்டு அருங்காட்சியகங்களில் இன்றும் எங்கு கிடைத்தது என்ற விவரமே இல்லாத மண்பொம்மைகள் நிற்கின்றன.

இதனால் போலிகளும் எளிதில் நுழைந்துவிடுகின்றன. 1974-இல் பிரிகிதோ லாரா என்ற மெக்சிகோ கைவினைஞர், பழம்பொருள் திருடியதாகக் கைது செய்யப்பட்டார். அவை தாமே செய்தவை என்றார், யாரும் நம்பவில்லை. சிறைக்குள் களிமண் வரவழைத்து, அதேபோன்ற உருவங்களைச் செய்து காட்டினார். பிறகே விடுதலை கிடைத்தது. நிபுணர்களின் கண்களையே அவர் கைவேலை ஏமாற்றியிருந்தது.

பண்பாட்டுப் பொருள்கள் கடத்தப்படுவதைத் தடுக்க 1970-ஆம் ஆண்டிலேயே யுனெஸ்கோ உடன்படிக்கை உருவானது. எனினும் வாங்குவோர் இருக்கும்வரை தோண்டுவோரும் இருப்பார்கள். ஒரு பொம்மை எவ்வளவு அழகானது என்று கேட்பதற்கு முன், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதே அதைச் செய்த மக்களுக்குச் செய்யும் மரியாதை.