பொறியும் பட்டறையும்: ஒரு பழைய கேள்வியின் வரலாறு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில் தமிழாசிரியர் வீட்டுக்கும் ஆலோசனை கேட்டு ஆட்கள் வருவதுண்டு. கல்லூரியில் பாடம் நடத்துகிறவருக்கு எல்லாப் படிப்பைப் பற்றியும் தெரிந்திருக்கும் என்பது பெற்றோரின் எளிய நம்பிக்கை. அப்படித்தான் கோவை கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், ஒரு மாலையில் தம் மகளை அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். கணக்கிலும் இயற்பியலிலும் அந்தப் பெண் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாள். அவள் மெக்கானிக்கல் படிக்க விரும்புகிறாள். தந்தைக்கு அதில் சம்மதம் இல்லை.

"முப்பது வருசம் எண்ணெயும் இரும்புத்தூளுமாப் போச்சுங்க சார். புள்ளையாச்சும் கம்ப்யூட்டர் படிச்சு நெழல்ல உக்காரட்டும்னு பாக்கறேன். நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் அவர்.

மகளிடம் காரணம் கேட்டோம். சிறிது தயங்கிவிட்டுச் சொன்னாள்: "மெஷின் ஓடற சத்தத்த வெச்சே டூல் மழுங்கிருச்சுன்னு அப்பா சொல்லிருவாருங்க சார். அது எப்படின்னு கணக்காத் தெரிஞ்சுக்கணும்."

இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கு இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அது நம் மண்ணில் நிகழ்ந்த வரலாறு. அதைச் சொல்ல நம்மால் முடியும் என்று தோன்றியது. அன்று அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதையே இங்கே சற்று ஒழுங்குபடுத்தி எழுதுகிறோம்.

இயந்திரம் தமிழுக்குப் புதிதன்று. கரும்பு பிழியும் ஆலையை எந்திரம் என்ற சொல்லாலேயே பெரும்பாணாற்றுப்படை குறிக்கிறது. மதுரை மதிலில் பகைவரைத் தாக்கும் பொறிகள் பல இருந்ததைச் சிலப்பதிகாரம் வரிசையாகச் சொல்கிறது. சீவக சிந்தாமணியின் தொடக்கத்திலே வரும் மயிற்பொறியை அறியாதார் இலர். கட்டியங்காரனின் சூழ்ச்சியால் ஆட்சியை இழக்கும் சச்சந்தன், கருவுற்றிருக்கும் விசயையை அதில் ஏற்றித்தான் தப்ப வைக்கிறான். இங்கே இரண்டு செய்திகள் கவனத்துக்கு உரியவை. அந்தப் பொறியைச் செலுத்துவதற்கு விசயை முன்னரே பழகியிருந்தாள். அதைச் செய்து கொடுத்த கைவினைஞனின் பெயர் காவியத்தில் இல்லை. செய்தவன் பெயர் மறைந்துபோவது நம் மரபில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். பட்டறை நடத்தும் நம் நண்பரின் மனக்குறைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது போலும்.

இனிக் கல்லூரிக்கு வருவோம். 1794ஆம் ஆண்டு சென்னையில் மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் எட்டு மாணவர்களோடு ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. அதுவே 1859இல் பொறியியல் கல்லூரியாகி, 1920இல் கிண்டி வளாகத்துக்கு இடம் பெயர்ந்தது. கும்பினியாருக்கும் அவர்களுக்குப் பின்வந்த ஆங்கில அரசுக்கும் முதலில் தேவைப்பட்டவர்கள் நிலத்தை அளப்பவர்களும், சாலை, பாலம், அணை, வாய்க்கால் ஆகியவற்றைக் கட்டி மேற்பார்ப்பவர்களுமே. வரி நிலத்திலிருந்து வந்தது. நிலத்துக்கு நீர் வேண்டியிருந்தது. ஆகவே கட்டுமானப் பொறியியல் முதலில் வேரூன்றியது. இயந்திரங்களோ இங்கிலாந்திலிருந்து செய்து முடித்த நிலையில் கப்பலில் வந்து இறங்கின. அவற்றை இங்கே வடிவமைக்க வேண்டிய தேவை அரசுக்கு இருக்கவில்லை. இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856இல் புறப்பட்டுவிட்டது. ஆனால் இயந்திரப் பொறியியல் பட்டப்படிப்பு கிண்டிக் கல்லூரியில் 1894இல்தான் தொடங்கியது.

இடைப்பட்ட அந்த 38 ஆண்டுகளிலும் இரயில் ஓடாமல் நின்றுவிடவில்லை. பழுது பார்த்தவர்களும் உதிரி உறுப்புகளை வார்த்தவர்களும் பெரம்பூர்ப் பட்டறை போன்ற இடங்களில் கைப்பழக்கத்தால் தொழில் கற்றவர்கள். ஆக, நம் நாட்டில் இயந்திர அறிவு இரண்டு வாசல்கள் வழியாக வந்தது. ஒன்று பட்டறை வாசல். மற்றொன்று கல்லூரி வாசல். முதல் வாசல் வழியே வந்தவருக்குக் கூலியும், இரண்டாவது வாசல் வழியே வந்தவருக்குப் பதவியும் கிடைத்தன. உடலுழைப்பைத் தாழ்வாக எண்ணும் சாதிச் சமூகத்தில் இந்த இடைவெளி எளிதில் இறுகிப்போனது.

இந்த இடைவெளியைப் பற்றி வெளிப்படையாகச் சண்டையிட்டவர் எங்கள் ஊர்க்காரரான ஜி.டி. நாயுடு. கலங்கலில் 1893ஆம் ஆண்டு பிறந்த அவர் பள்ளிப் படிப்பை முடித்தவர் அல்லர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதுபோன்ற வண்டி ஒன்றை வாங்கினார். வாங்கியவுடன் அதைப் பிரித்துப் போட்டு மீண்டும் பூட்டிப் பார்த்தார். அவருக்குக் கல்லூரி அதுதான்.

கோவையில் 1888ஆம் ஆண்டு ஸ்டேன்ஸ் துரை நூற்பாலை தொடங்கியதிலிருந்து இயந்திரம் பழுது பார்க்கும் தொழில் இங்கே வளர்ந்து வந்தது. 1930களின் தொடக்கத்தில் பைகாரா நீர்மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. கிணறுகளுக்கு மின் இறைப்பான்கள் தேவைப்பட்டன. 1937இல் நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கியது இந்தச் சூழலில்தான். இன்று கோவையின் தெருவெல்லாம் ஒலிக்கும் லேத் சத்தத்துக்கு மூலம் அக்காலமே எனலாம்.

1945ஆம் ஆண்டு, ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் கோவையில் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதற்குப் பொருள் உதவியவரும் முதல் முதல்வராகப் பொறுப்பேற்றவரும் நாயுடுவே. பள்ளிப் படிப்பை முடிக்காத ஒருவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வரானது அன்று மட்டுமன்று, இன்றும் வியப்புக்குரியது. பொறியியலுக்கு நான்கு ஆண்டுகள் என்பது இளைஞரின் காலத்தை வீணடிப்பது, இரண்டே ஆண்டுகள் போதும் என்று அவர் வாதிட்டார். அரசு இசையவில்லை. நாயுடு பதவியை விட்டு விலகினார். அந்நிறுவனத்தின் வழிவந்ததே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி.

இந்தச் சண்டையில் வென்றது அரசுதான். நான்காண்டுப் படிப்பு நிலைத்தது. நாயுடு முற்றிலும் சரி என்று நாமும் சொல்லமாட்டோம். பட்டறையில் பழகிய கைக்கு இரும்பு எந்த வெப்பத்தில் வளையும் என்பது தெரியும்; ஏன் வளைகிறது என்பதைச் சொல்லக் கணிதமும் வேதியியலும் வேண்டும், அதற்குக் காலமும் வேண்டும். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி தோற்கவில்லை. இயந்திரத்தைத் தொடாமலே இயந்திரப் பொறியாளர் ஆகிவிடலாமா என்பது அக்கேள்வி. பணிமனை வகுப்பில் ஏனோதானோவென்று அரம் பிடித்துவிட்டுப் பட்டம் பெறும் மாணவர்களைப் பார்க்கையில் அது இன்றும் உயிரோடிருப்பது தெரிகிறது.

பெண் என்பதால் நண்பருக்கு ஏற்பட்ட தயக்கத்துக்கும் ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவூட்டினோம். 1940இல் கிண்டிக் கல்லூரியில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தவர் அ. லலிதா. பதினைந்து வயதில் மணமாகி, பதினெட்டில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்த தந்தை சுப்பாராவ் மகளுக்காகப் பரிந்து பேசினார். முதல்வர் கே.சி. சாக்கோ இடமளித்தார். 1943இல் லலிதா தேறியபோது, சான்றிதழில் 'அவன்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அடித்து 'அவள்' என்பதற்கான சொல்லை எழுத வேண்டியிருந்தது. பெண்ணொருத்தி அப்படிப்பை முடிப்பாள் என்று அச்சடித்தவர்கள் நினைத்திருக்கவில்லை. ஜமால்பூர் இரயில் பட்டறையில் பயிற்சியையும் லலிதா முடித்தார்.

இந்நிகழ்ச்சியைக் கேட்டபோது நண்பர் மகளைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் அவருடைய முதன்மையான கவலை அதுவன்று. வேலை கிடைக்குமா, சம்பளம் கிடைக்குமா என்பதே அவர் கேள்வி. நியாயமான கேள்வி. அதற்கும் வரலாறு ஒரு விடை வைத்திருக்கிறது.

விடுதலைக்குப் பிந்தைய முதல் இருபது ஆண்டுகள் இயந்திரப் பொறியியலின் பொற்காலம் என்பார்கள். கோவையில் பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி 1951இல் தோன்றியது. சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1959இல் வந்தது. திருச்சியில் மண்டலப் பொறியியல் கல்லூரி 1964இல் வந்தது. படித்தவர்களை ஏற்றுக்கொள்ளப் பெரம்பூர் இரயில்பெட்டித் தொழிற்சாலை 1955இலும், திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் 1960களிலும் எழுந்தன. ஆனால் அந்தப் பொற்காலத்தின் நடுவிலேயே, 1966ஐ ஒட்டிய பஞ்சத்தாலும் தொழில் மந்தத்தாலும் பொறியாளர்கள் வேலையின்றி நின்றார்கள். நாடு முழுவதும் பொறியியல் மாணவர் சேர்க்கையையே குறைக்க வேண்டி வந்தது. இதை இன்று பலர் மறந்துவிட்டார்கள்.

1984இல் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்தது. 1997இல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. கிராமத்துப் பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் ஒரே தரவரிசையில் நின்று இடம் பெற முடிந்தது. அது சிறிய சாதனையன்று. ஆனால் ஒரு விளைவும் உடன் வந்தது. வாழ்நாளைத் தீர்மானிக்கும் முடிவு, திரையில் காலியிடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருக்கையில் சில நிமிடங்களில் எடுக்கப்படும் முடிவாகச் சுருங்கியது. அக்காலத்திலேயே மென்பொருள் நிறுவனங்கள் எந்தத் துறை மாணவரையும் அள்ளிக்கொண்டன. மெக்கானிக்கல் முடித்தவர்கள் கணினி முன் அமர்ந்தார்கள். அதே ஆண்டுகளில் மறைமலைநகரில் ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் கார் செய்யத் தொடங்கவே, சென்னையை இந்தியாவின் டெட்ராய்ட் என்றார்கள். மெக்கானிக்கலுக்கு மீண்டும் மவுசு வந்தது. 2022இல் ஃபோர்டு மறைமலைநகர் ஆலையில் உற்பத்தியை நிறுத்தியது. 2024இல் திரும்பி வர விருப்பம் தெரிவித்தது.

2010ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகம் இயந்திரப் பொறியியலையும் கட்டுமானப் பொறியியலையும் தமிழ் வழியில் கற்பிக்கத் தொடங்கியபோது நம் போன்றோர் மகிழ்ந்தோம். 2023இல் சேர்க்கை குறைந்ததைக் காட்டிச் சில உறுப்புக் கல்லூரிகளில் அப்பிரிவுகளை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழவே திரும்பப் பெறப்பட்டது. மொழி மீதான பற்று மட்டும் ஒரு வகுப்பறையை நிரப்பிவிடாது என்று அன்று கற்றுக்கொண்டோம்.

இந்த ஏற்ற இறக்கங்களை அடுக்கிப் பார்த்தால் ஒன்று புலப்படும். படிப்பு நான்கு ஆண்டு. அதன் பின் உழைக்கப்போவது முப்பத்தைந்து ஆண்டு. சந்தையின் எந்த அலையும் அத்தனை காலம் நின்றதில்லை. சேரும் ஆண்டின் நிலவரத்தைப் பார்த்து இயந்திரத்தை எடுத்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள், விட்டவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். கணினி என்றும் இயந்திரம் என்றும் நாம் பிரித்துப் பேசுவதுகூடப் பழைய பழக்கம்தான். நண்பரின் பட்டறையில் இருக்கும் சி.என்.சி. இயந்திரம் நிரல் எழுதிக் கொடுத்தால்தான் வெட்டுகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு நண்பரின் பக்கத்து நியாயத்தையும் மறைக்கவில்லை. மெக்கானிக்கல் முடித்து முதலில் கிடைக்கும் சம்பளம் பல இடங்களில் குறைவு, உயர நாளாகும், ஷிப்டு உண்டு, வெக்கை உண்டு. கல்லூரியில் பணிமனையும் ஆய்வுக்கூடமும் உண்மையில் இயங்குகின்றனவா என்று நேரில் போய்ப் பார்க்காமல் சேரக் கூடாது. இயந்திரத்தின் மீது ஆர்வம் இல்லாத பிள்ளையாக இருந்தால் இந்தப் படிப்பு வேண்டாம் என்றே சொல்லியிருப்போம்.

ஆனால் இந்தப் பெண் அப்படியல்லள். வரலாறு நெடுகப் பிரிந்தே கிடந்த இரண்டு வாசல்களையும், அறியாமலேயே, ஒரே வாக்கியத்தில் சேர்த்துவிட்டாள். தந்தையின் காதில் இருக்கும் அறிவைக் கணக்காக்க வேண்டும் என்கிறாள். அதிர்வையும் ஒலியையும் அளந்து, வெட்டும் கருவியின் தேய்மானத்தைக் கண்டறிவது இயந்திரப் பொறியியலில் இன்று உண்மையாகவே ஓர் ஆய்வுத் துறை. நாம் அறிந்த அளவில் அதைச் சொன்னபோது நண்பர் நம்பவில்லை. "நம்ம காதுல கேக்கறதுக்கா சார் காலேஜ்ல படிப்பு வெச்சிருக்காங்க?" என்று கேட்டார். முப்பது ஆண்டு உழைப்பில் தமக்குச் சேர்ந்திருப்பது அறிவு என்று அதற்குமுன் யாரும் அவரிடம் சொன்னதில்லை என்பது அந்தக் கேள்வியில் தெரிந்தது.

முடிவை நாம் சொல்லவில்லை. அவர்களும் அன்று சொல்லவில்லை. கலந்தாய்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. எழுந்து போகும்போது வாசலில் நின்று, "நாளைக்கிக் காலைல பட்டறைக்கு வா. அந்தச் சத்தத்த ஒருக்காக் கேட்டுப் பாரு" என்று மகளிடம் அவர் சொன்னது நம் காதில் விழுந்தது.