வெள்ளி ரூபாயில் ஒரு கோடு

கள்ளக்குறிச்சியானாலும் கல்வராயன் மலையானாலும் பழைய வெள்ளி ரூபாய் கையில் கிடைத்தால் நாம் முதலில் கேட்பது, "எவ்வளவு எடை?" என்றுதான். 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்த ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் 12-இல் 11 பங்கு வெள்ளி. 1939 வரை இதே அளவுதான். ஆகவே உருக்குபவருக்கு எல்லா ரூபாயும் ஒன்றே.

வரலாற்றுக்கு அப்படி இல்லை. விக்டோரியா ராணி படம் போட்ட 1862 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். அதே ஆண்டைப் பொறித்து 1874 வரை அடித்துக்கொண்டே இருந்தார்கள்! காசில் உள்ள ஆண்டை மட்டும் நம்ப முடியாது. அதனால்தான் ஆய்வாளர்கள் பின்பக்கத்துப் புள்ளிகளையும் அச்சு வேறுபாடுகளையும் பார்க்கிறார்கள்.

அச்சு விரிசலும் இதற்கு உதவும். காசு அடிக்கும் எஃகு அச்சு, அடித்து அடித்து வெடிக்கும். அந்த வெடிப்புக்குள் வெள்ளி புகுவதால், காசில் அது மேடான கோடாகத் தெரியும். பிறகு விழுந்த கீறல் என்றால் பள்ளமாக இருக்கும். காசைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியில் பார்த்தால் புரியும். இரண்டு காசுகளில் ஒரே இடத்தில், ஒரே வடிவில் கோடு இருந்தால் இரண்டும் ஒரே அச்சில் அடித்தவை. விரிசல் வளருமே தவிரக் குறையாது. எனவே கோடு நீண்டிருப்பது பிந்தி அடித்தது.

இன்னொரு பிழையும் உண்டு. அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த காசின் ஒரு பக்கத்தில் உருவம் குழிவாகவும் இடவலம் மாறியும் விழும்.

உருக்கினாலும் வெள்ளி மிஞ்சும், ஆனால் இந்தத் தடயங்கள் மிஞ்சாது. வீட்டுப் பெட்டியில் ரூபாய் இருந்தால், விற்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தேய்த்துப் பளபளப்பாக்க மட்டும் வேண்டாம்!